அய்யா ஒப்புப் போடாத சீட்டு



கார்த்திகை மாதம் பதினேழு நாள் திருஏடு வாசிப்பில் அய்யா சிறையிருந்த கதை வரும் நாளில் பதியில் கூட்டம் அதிகமாக இருக்கும். நஞ்சு கொடுத்த இடம், புலிக்கூண்டில் விட்ட இடம் வரும்போது தாய்மார் கண்ணைத் துடைப்பார்கள். அதற்கு அப்புறம் ஒரு சிறிய கட்டம் வருகிறது. மகாராஜா அய்யாவை விட்டுவிடச் சம்மதித்து, அதற்கு ஒரு சீட்டு எழுதிக் கேட்ட கட்டம். விடுதலை வந்துவிட்ட சந்தோஷத்தில் அதைப் பலரும் கவனிப்பதில்லை. அய்யாவின் வாழ்வு முழுவதையும் புரிந்துகொள்ள அந்தச் சீட்டு ஒன்று போதும்.

அய்யா பிறந்த காலத்தில் தென் திருவிதாங்கூர் எப்படி இருந்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். பனையேறும் சான்றோர் குலத்தார் நம்பூதிரிக்கு 36 எட்டு தள்ளி நிற்க வேண்டும். நாயருக்கு 12 எட்டு. புலையர் நம்பூதிரிக்கு 96 எட்டு தள்ளி நிற்க வேண்டும். குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது, பொன் நகை அணியக் கூடாது. பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது, தலையில்தான் சுமக்க வேண்டும். மாராப்புச் சீலை போடக் கூடாது. மாடி வீடு கட்டக் கூடாது.

வரியோ சொல்லி மாளாது. ஆளுக்குத் தலைவரி, பனைக்கு வரி, பனையில் சாத்தும் ஏணிக்கு ஏணிக்காணம், காலில் மாட்டும் தளைநாருக்குத் தளைக்காணம். விடியும் முன் ஒருமுறை ஏறி, சாயந்தரம் மறுமுறை ஏறி, அக்கானி காய்ச்சிக் கருப்பட்டியாக்கி விற்ற காசு இப்படியே போய்விடும். அதற்கு மேல் ஊழியம். அரசாங்கத்துக்கு ஓலை சுமக்க வேண்டும், உப்பு சுமக்க வேண்டும், மூட்டை தூக்க வேண்டும். கூலி கிடையாது. வேலை செய்யும் நாளில் வீட்டில் அடுப்பு எரியாது என்பது ஊழியம் வாங்கியவர்களுக்குக் கவலையும் இல்லை.

இந்தக் கொடுமைகளை அடுக்கும்போது பலர் ஒன்றை விட்டுவிடுவார்கள். 36 எட்டு தள்ளி நின்றவர்களும் தங்களுக்குக் கீழே 96 எட்டு தள்ளி நிற்க ஒரு கூட்டம் இருப்பதில் திருப்தி கண்டார்கள். மேலே இருப்பவன் மிதிக்கிறான் என்று அழுதவன் கீழே இருப்பவனின் கைத்தண்ணீரைக் குடிக்க மாட்டான். அந்தக் கட்டு மேலே இருந்து கீழே வரை ஒரே கயிற்றில் போடப்பட்டிருந்தது. எந்த முடிச்சும் தனியாக அவிழாது.

அப்படிப்பட்ட நாளில், 1809-ஆம் ஆண்டு, இன்று சாமித்தோப்பு என்று பெயர் பெற்றிருக்கும் சாஸ்தான்கோவில்விளையில் பொன்னுமாடன், வெயிலாள் தம்பதியருக்கு ஒரு பிள்ளை பிறந்தது. பெற்றவர்கள் முடிசூடும் பெருமாள் என்று பெயர் வைத்தார்கள். பனையேறி வீட்டுப் பிள்ளைக்கு முடி சூடுகிற பெயரா என்று மேல்சாதியார் எதிர்த்தார்கள். பெயர் முத்துக்குட்டி என்று மாறியது. தலைப்பாகை கட்டி வழிபடச் சொன்ன அய்யாவுக்கு, பிறந்தவுடன் பறிபோனது முடி என்ற அந்தச் சொல்தான்.

முத்துக்குட்டி சிறு வயது முதல் திருமாலிடம் பக்தியோடு வளர்ந்தார். பனைத்தொழிலும் தோட்டவேலையும் செய்தார். இருபத்திரண்டு வயதளவில் கடும் நோய் கண்டு படுத்தார். மருந்து கேட்கவில்லை. 1833-ஆம் ஆண்டு மாசித் திருவிழாவுக்கு உறவினர்கள் திருச்செந்தூருக்குக் கிளம்பினபோது தாயார் அவரையும் தொட்டில் கட்டிச் சுமந்து கொண்டுபோனார். அங்கே கடலுக்குள் போனவர் திரும்பவில்லை. மூன்றாம் நாள், கொல்லம் 1008 மாசி 20-ஆம் தேதி, கடலிலிருந்து வைகுண்டராக எழுந்து வந்தார். மகன் என்று ஓடிப்போய்க் கையைப் பிடித்த தாயாரிடம், தாம் இனி அவருடைய மகன் அல்ல, நாராயணர் பெற்ற பிள்ளை என்று உணர்த்தினார் என்று அகிலம் உரைக்கிறது. கரைவழியே நடந்து தெச்சணத்துக்கு வந்து சேர்ந்தார்.

வந்து தவம் இருந்தார். ஆறடிக் குழிக்குள் இரண்டு வருடம், தரையில் இரண்டு வருடம், உயர்ந்த பீடத்தில் இரண்டு வருடம். முதல் தவம் யுகத்துக்காக, இரண்டாவது சாதிக்காக, மூன்றாவது பெண்ணாளுக்காக என்று அன்பர்கள் அறிவார்கள். தவத்தின் நடுவிலேயே சனங்கள் வரத் தொடங்கினார்கள். நோயாளிகள் வந்தார்கள். மண்ணும் தண்ணீரும் கொடுத்து அனுப்பினார். காணிக்கை வேண்டாம், காவடி வேண்டாம், ஆடு கோழி பலி வேண்டாம், பேய்க்குக் கொடையும் படுக்கையும் வேண்டாம் என்றார். இதைப் பக்திக் காரியமாக மட்டும் எண்ணக் கூடாது. வரிக்குப் போனது போக மிஞ்சியிருந்த நாலு காசும் பேய்க் கொடையில்தான் கரைந்துகொண்டிருந்தது. அந்தக் காசு வீட்டில் நிற்க அய்யா வழி செய்தார். பேய்க்குப் பயப்படாதவன் நாளைக்கு மணியக்காரனுக்கும் பயப்படமாட்டான் என்பதை மேலே இருந்தவர்கள் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள்.

அய்யாவிடம் வந்தவர்கள் ஒரு சாதியார் மட்டும் அல்ல. சாமித்தோப்பில் ஒரு கிணறு வெட்டப்பட்டது. முத்திரிக்கிணறு. பதினெட்டுச் சாதி மக்களும் அந்த ஒரே கிணற்றில் தண்ணீர் கோரிக் குளித்து, அங்கேயே ஒன்றாக இருந்து சாப்பிட்டார்கள். ஒருவன் தொட்ட தண்ணீரை மற்றவன் தொடாத ஊரில் நடந்த காரியம் இது. கிணற்றில் இறைத்த தண்ணீரை ஒருவர் இன்னொருவர் தலையில் ஊற்றும்போது, யார் கை யார் தலை என்று பார்க்க முடியாது. தண்ணீரில் தீட்டு இல்லை என்று எத்தனை பிரசங்கம் செய்தாலும் கேட்காதவர்கள், நனைந்த தலையோடு பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டபோது கேட்டுக்கொண்டார்கள்.

நாமமும் அப்படித்தான். தொட்டு நாமம் சாத்துவது என்று அதற்குப் பெயர். தொட்டால் தீட்டு என்ற நாட்டில் நெற்றியைத் தொட்டு, மூக்குத் தண்டிலிருந்து மேல்நோக்கி ஜோதி வடிவில் வெள்ளை நாமம் இடச் செய்தார். ஆண்கள் தலைப்பாகை கட்டி அய்யாமுன் நிற்க வேண்டும் என்றார். மேல்சாதியார் முன் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டவும் கக்கத்தில் இடுக்கவும் பழகிய கைகள், சாமி முன்னால் அதைத் தலையில் கட்டக் கற்றுக்கொண்டன. சாமிக்கு முன்னாலேயே கட்டியவனை வேறு யாருக்கு முன்னால் அவிழ்க்கச் சொல்ல முடியும்?

இந்தச் செய்தி அரண்மனைக்குப் போனது. அப்போது திருவிதாங்கூரை ஆண்டவர் சுவாதித் திருநாள் மகாராஜா. அவர் சுசீந்திரம் வந்திருந்த சமயம், மேல்சாதியார் சிலர் போய்க் குறை சொன்னார்கள். கீழ்ச்சாதியில் பிறந்த ஒருவன் தன்னை விஷ்ணு என்கிறான், எல்லாச் சாதியையும் ஒன்றாகக் கூட்டுகிறான் என்பது குற்றச்சாட்டு. ராஜசபையில் பூவண்டர் என்ற இடையர் குலத்தவர் ஒருவர் எழுந்து, வந்திருப்பவர் திருமால்தான், அவருக்குத் தீங்கு செய்ய வேண்டாம் என்று எடுத்துச் சொன்னதை ஏடு மறக்காமல் பதிந்து வைத்திருக்கிறது. அவர் அய்யாவின் சாதியைச் சேர்ந்தவர் இல்லை. ராஜகோபம் தன்மேல் திரும்பும் என்று தெரிந்தும் சொன்னார். திருமால் பிறப்பதானால் உயர்ந்த குலத்தில் பிறக்காமல் இந்தக் குலத்தில் போய்ப் பிறப்பானா என்பதுதான் ராஜாவுக்கு எழுந்த கேள்வி. ஆளை அனுப்பினார்.

அய்யாவைக் கட்டி, அடித்து, இழுத்துக்கொண்டு போனார்கள். கூடியிருந்த சனங்கள் பதறினார்கள். பொறுத்திருக்கச் சொல்லி அய்யா அவர்களைத் தடுத்தார். ஒரு கை ஓங்கியிருந்தால் அன்று எத்தனை குடும்பம் அழிந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். சுசீந்திரத்தில் மகாராஜா முன் நிறுத்தினார்கள். அந்தச் சுசீந்திரம் கோவில் தெருக்களில் எல்லாரும் நடக்கும் உரிமைக்காக 1926-ஆம் ஆண்டில்கூட சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது என்றால், அய்யா காலத்தில் அந்த ஊர் எப்படி இருந்திருக்கும்! மகாராஜா சோதித்துப் பார்க்கக் கேட்டவற்றுக்கு அய்யா பதில் சொல்லவில்லை. பிறகு திருவனந்தபுரத்துக்கு நடத்திக்கொண்டுபோய் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார்கள்.

110 நாள் சிறை. பாலில் நஞ்சு கலந்து கொடுத்ததும், மிளகாய் வற்றல் போட்ட அறையில் அடைத்துத் தீ மூட்டியதும், பட்டினி போட்ட புலியின் கூண்டில் விட்டதும், புலி அய்யாவின் முன் பணிந்து படுத்ததும் ஏட்டில் விரிவாக இருக்கிறது. அன்பர்கள் ஆண்டுதோறும் கேட்பதால் இங்கே நீட்டவில்லை. சிறையைச் சுற்றிச் சனங்கள் விடாமல் வந்துகொண்டே இருந்தார்கள் என்பதை மட்டும் சொல்ல வேண்டும். வெகு தூரம் நடந்து வந்து, வாசலில் காத்துக் கிடந்தார்கள். ஒரு மனிதரை அடைத்தால் கூட்டம் கலைந்துவிடும் என்ற கணக்குத் தப்பிப்போனது.

அப்போதுதான் அந்தச் சீட்டு வந்தது. அய்யாவை விட்டுவிடலாம், ஆனால் இனித் தன் சாதி மக்களோடு மட்டும் இருந்துகொள்வதாக, மற்றச் சாதியாரைக் கூட்டுவதில்லை என்பதாக எழுதி ஒப்புப் போட்டுக் கொடுக்க வேண்டும். இதுதான் நிபந்தனை.

எவ்வளவு சுலபமான நிபந்தனை என்று பாருங்கள். தவத்தை விடச் சொல்லவில்லை. வைகுண்டர் என்ற பெயரை விடச் சொல்லவில்லை. நோய் தீர்ப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. நாமம் வேண்டாம் என்று சொல்லவில்லை. உன் சாதிக்கு நீ சாமியாக இருந்துகொள், அதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்றுதான் அரசாங்கம் சொன்னது. ஒவ்வொரு சாதிக்கும் ஒரு சாமி, ஒரு கோவில், ஒரு கிணறு என்று இருந்தால் ராஜ்யத்துக்கு ஒரு கெடுதியும் இல்லை. 36 எட்டும் 96 எட்டும் அப்படியே நிற்கும். முத்திரிக்கிணறு ஒன்றுதான் அவர்களுக்குப் பயமாக இருந்தது. ஒரே வாளியில் பதினெட்டுச் சாதி தண்ணீர் கோரினால் அந்த அளவு எல்லாம் பொய்யாகிவிடும் என்று திவானுக்கும் தெரியும், ராஜாவுக்கும் தெரியும்.

நூறு நாள் தாண்டிய சிறை. உடம்பு மெலிந்திருக்கும். வெளியே வாசலில் தம் மக்கள் காத்துக் கிடக்கிறார்கள். ஒப்புப் போட்டுவிட்டு வெளியே போய்ச் சொந்த மக்களையாவது கரையேற்றலாமே என்று யாருக்கும் தோன்றும். தோன்றினால் குற்றம் சொல்லவும் முடியாது. அய்யா போடவில்லை. எல்லா மக்களுக்காகவும் வந்தவர் ஒரு சாதிக்குள் அடங்கி இருப்பதாக எழுதித் தர மறுத்துவிட்டார். சிறையில் இருப்பதும் போவதும் தம் இஷ்டப்படி, நாள் வரும்போது போவேன் என்று இருந்துவிட்டார். 1839-ஆம் ஆண்டு மாசியில் ஒப்பு இல்லாமலேயே விடவேண்டியதாயிற்று.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. இன்று சில மேடைகளிலும் சில நோட்டீசுகளிலும் அய்யாவை ஒரே ஒரு சாதிக்கு உரியவர்போல் எழுதுகிறார்கள். பெருமைக்காகத்தான் எழுதுகிறார்கள், கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் சிங்காரத்தோப்பில் ராஜா எழுதி வாங்கப் பார்த்த சீட்டிலும் அதேதான் இருந்தது. அய்யா போடாத ஒப்பை அவர் பிள்ளைகள் போடலாமா?

விடுதலையான அய்யாவைச் சனங்கள் வாகனத்தில் வைத்துச் சுமந்து சாமித்தோப்புக்குக் கொண்டுவந்தார்கள். கட்டி இழுத்துப்போன வழியே திரும்பி வந்தார்கள்.

வந்தபின் செய்த பெரிய காரியம் துவையல் தவசு. 700 குடும்பங்களைக் கடலோரம் வாகைப்பதிக்கு அனுப்பினார். ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் வீட்டை விட்டுப் போனார்கள். தினம் மூன்று வேளை கடலில் குளிப்பது, உடுத்திய துணியைத் துவைப்பது, பச்சரிசியும் சிறுபயறும் கடல்தண்ணீரில் வேகவைத்து ஒரு வேளை உண்பது, மற்ற நேரம் அய்யாவை நினைப்பது. அழுக்கு உடம்பு, அழுக்குத் துணி என்று சொல்லியே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தவர்கள், இனி யாரும் அப்படி ஒரு சொல் சொல்ல இடமில்லாதபடி துவைத்தார்கள். இடையில் நோய் கண்டு கஷ்டப்பட்டார்கள். பிறகு முட்டப்பதிக்கு மாறி அங்கே தவத்தைத் தொடர்ந்தார்கள். திரும்பி ஊருக்கு வந்தபோது அவர்கள் துவையல் பண்டாரங்கள் என்று பெயர் பெற்றிருந்தார்கள். பனை ஓலையும் உப்பு மூட்டையும் சுமந்தவர்கள் ஊர் ஊராகப் போய் வழிபாடு சொல்லிக் கொடுத்தார்கள். இன்று பதிகளில் வழங்கும் பச்சரிசி, பயறுக் கஞ்சிக்கு மூலம் அந்தக் கடற்கரை அடுப்புதான்.

ஊர்களில் நிழல்தாங்கல்கள் எழுந்தன. செட்டிகுடியிருப்பு, அகஸ்தீஸ்வரம், பாலூர், சுண்டவிளை, வடலிவிளை, கடம்பன்குளம், பாம்பன்குளம் ஆகிய இடங்களில் அய்யா இருந்த காலத்திலேயே தாங்கல்கள் அமைந்தன. கோவில் வாசலைக்கூட மிதிக்க முடியாதவர்களுக்கு நிழல் தாங்கிய இடம் என்பதால் அந்தப் பெயர் பொருத்தமே. சின்ன ஓலைக்கொட்டகைதான். உள்ளே சிலை கிடையாது, பூசாரி குலம் கிடையாது. பதிகளில் விளக்குகளுக்கு நடுவே நிலைக்கண்ணாடி வைத்திருப்பார்கள். சாமி கும்பிட வந்தவன் தன் முகத்தைப் பார்ப்பான், நெற்றியில் நாமத்தோடு, தலையில் பாகையோடு. தாங்கல்களில் சமபந்தியும் நடந்தது, பிள்ளைகளுக்கு எழுத்தும் சொல்லிக் கொடுத்தார்கள். எழுத்து வந்தவர்கள் ஏடு வாசித்தார்கள்.

அந்த ஏட்டை எழுதியவர் தாமரைகுளம் அரிகோபாலன் சீடர். கொல்லம் 1016 கார்த்திகை 27-இல், அதாவது 1840-ஆம் ஆண்டு டிசம்பரில், அகிலத்திரட்டு அம்மானையை எழுதத் தொடங்கினார். ஊழியத்தையும் வரியையும் பேர் பேராகச் சொல்லி, அவற்றை வாங்கியவனைக் கலிநீசன் என்று எழுதிய நூல் அது. எழுதின நாளில் அந்த ராஜாவே சிம்மாசனத்தில் இருந்தார். சுவாதித் திருநாள் காலமானது 1846-இல்தான். ஏட்டை அன்று ஓலைச்சுவடியில் படி எடுத்து ஊர் ஊராகக் கொண்டுபோனவர்களின் பெயர்கள் பெரும்பாலும் இன்று தெரியாது.

மயிலாடியில் வேரூன்றிய லண்டன் மிஷன் பாதிரிமார்களும் அந்தக் காலத்தில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பள்ளிக்கூடம் கட்டி நன்மை செய்துகொண்டிருந்தார்கள். 1840-களில் அவர்கள் எழுதிய அறிக்கைகளில் முத்துக்குட்டி என்ற பெயர் வருகிறது. தங்கள் வேலைக்கு இந்த மனிதர் பெரிய தடை என்று வருத்தத்தோடு எழுதியிருக்கிறார்கள். அய்யாவின் வழி எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு வேண்டாதவர் கையெழுத்தில் கிடைத்த சாட்சி அது.

கொல்லம் 1026 வைகாசி 21-ஆம் தேதி, 1851-ஆம் ஆண்டு ஜூன் மாதம், அய்யா வைகுண்டம் ஏகினார். சரீர வயது 42. திருமேனி சாமித்தோப்பில் அடக்கம் செய்யப்பட்டு, அதன்மேல் பதி எழுந்தது.

அவர் கண்ட பல கொடுமைகள் அவர் சரீரத்தோடு இருந்தபோது சட்டத்தால் நீங்கவில்லை. திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்தது 1855-இல். நாடார் பெண்கள் தோளை மூடிக்கொள்ளலாம் என்று மகாராஜா உத்தரவு போட்டது 1859 ஜூலையில், அதுவும் பல வருடம் கலகமும் அடியும் பட்டபின். கோவில் வாசல் எல்லாருக்கும் திறந்தது 1936 நவம்பர் 12-இல், அய்யா ஏகி 85 ஆண்டுக்குப் பிறகு. அந்த உத்தரவுகள் வரும் முன்பே தாங்கலுக்குள் தலைப்பாகையோடு நின்றவர்களும், முத்திரிக்கிணற்றில் நனைந்தவர்களும் இரண்டு மூன்று தலைமுறை வாழ்ந்து முடித்துவிட்டார்கள்.

ஒவ்வொரு ஆண்டும் மாசி 19-ஆம் தேதி திருவனந்தபுரத்திலிருந்து ஒரு ஊர்வலமும், திருச்செந்தூரிலிருந்து ஒரு ஊர்வலமும் புறப்பட்டு நாகர்கோவில் வந்து சேர்கின்றன. மறுநாள் அவதார தினத்தன்று காலையில் நாகராஜா திடலிலிருந்து எல்லாரும் ஒன்றாக நடந்து சாமித்தோப்புக்குப் போகிறார்கள். காவி உடுத்தி, தலைப்பாகை கட்டி, வழியெல்லாம் அய்யா சிவசிவா என்று சொல்லிக்கொண்டு போகும் கூட்டம் பதிக்குள் நுழையும் முன் முத்திரிக்கிணற்றுக்குப் போகும். அங்கே முன்னால் நிற்பவர் கோரிய தண்ணீரைப் பின்னால் நிற்பவர் வாங்கித் தலையில் விட்டுக்கொள்கிறார்.